மாலா-என்: விலை இல்லை, முதல் மூன்று மாதம் ரத்தக் கசிவு உண்டு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரை மாலா-என் மீது அடிக்கடி வரும் புகார், மாதவிலக்கு இல்லாத நாளில் உள்ளாடையில் படும் ரத்தக்கறை. 'ஓசி மாத்திரைதானே' என்று பாதி அட்டையோடு நிறுத்திவிடுவதும் நடக்கிறது. அந்தப் பழி நியாயமில்லை. இதில் இருப்பது இரண்டு ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மி.கி. மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கும் ஓவ்ரல்-எல்லிலும் இதே மருந்து, இதே அளவு. எத்தினைல் எஸ்ட்ராடியாலை 0.02 மி.கி. ஆகக் குறைத்த மாத்திரைகளில் கசிவு பொதுவாக இதைவிடக் கூடுதல்.

மாத்திரை தொடங்கியதும் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிகிறது. அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் எளிதில் உடைந்து, திட்டுத் திட்டாகப் படும். பெரும்பாலும் மூன்று அட்டை முடிவதற்குள் அடங்கிவிடும். நடுவில் நிறுத்தினால் ரத்தப்போக்கு கூடும், கருத்தடையும் போகும்.

அட்டையில் 28 மாத்திரை: ஹார்மோன் உள்ள வெள்ளை 21, இரும்புச்சத்து 7. மாதவிலக்கு ஆரம்பித்த 5 நாளுக்குள் முதல் வெள்ளை மாத்திரையைப் போட வேண்டும். இரும்பு மாத்திரை நாட்களில் வரும் ரத்தப்போக்கு எதிர்பார்த்ததுதான். மலம் கறுப்பதும் இரும்பால்தான்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் கசிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மறதியை. ஒரு நாள் காலை, மறுநாள் ராத்திரி என்று போட்டாலே கசியும். ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரு மாத்திரை விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். ஒரே நாளில் இரண்டு விழுந்தாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டால், கடைசியாக விட்டதை உடனே போட்டு, 7 நாள் ஆணுறை சேர்க்க வேண்டும். அது மூன்றாவது வாரம் என்றால் மீதி வெள்ளையை முடித்து, இரும்பு மாத்திரையைத் தவிர்த்து, மறுநாளே புது அட்டை. மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

பலர் சொல்ல மறப்பது மற்ற மருந்துகளை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். அப்போது வரும் கசிவு, கருத்தடை பலவீனமாவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்டு வேறு முறைக்கு மாறுவதே சரி. சளி, காய்ச்சலுக்குத் தரும் அமாக்ஸிசிலினுக்கு இந்தத் தொல்லை இல்லை. புகைப்பழக்கமும் கசிவைக் கூட்டும்.

தொல்லை தாங்கவில்லை என்றால் சில நாட்களுக்கு இபுப்ரோஃபென் எழுதித் தருவார்கள்; அல்சர் இருப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், மணிக்கு ஒரு நாப்கின் நனைவது ஆகியவற்றை மாத்திரை கணக்கில் எழுதிவிடக் கூடாது, உடனே பரிசோதனை. மாத்திரை விட்டுப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் சேர்த்து.

உயர் ரத்த அழுத்தம், கண்ணில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டி வந்த வரலாறு இருப்பவர்களுக்கும், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தருபவர்களுக்கும் மாலா-என் வேண்டாம். அதே சுகாதார நிலையத்தில் கிடைக்கும் 'சாயா' என்ற கருத்தடை மாத்திரை ஹார்மோன் இல்லாதது, தாய்ப்பால் தருபவர்களும் போடலாம். ஆனால் அதில் புகாரே வேறு: மாதவிலக்கு தள்ளிப்போகும்.