ஆறு ஆவணி, ஒரு பைனாகுலர்: கடலூர்க் கரையில் பயன்படுத்திய அனுபவம்

2019 ஜூலையில் வாங்கிய 8×42 பைனாகுலர் இது; எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டர். அன்றைய விலை ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2020இல் கடற்கரைப் பக்கமே போக முடியவில்லை. அந்த ஆண்டைக் கழித்துவிட்டால், ஆறு ஆவணி மாதங்கள் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் நடந்திருக்கிறேன். சில ஞாயிறுகளில் புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாற்று முகத்துவாரம் வரைக்கும் போனதுண்டு. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. இந்த விலையில் வரும் கருவிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்யப்படுகின்றன, ஆகவே நான் பட்டது உங்களுக்கும் பொருந்தும்.

"பறவை பார்க்க எது வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த மாதம் போகப் போகிறீர்கள் என்பதைத்தான். நம் பக்கம் பலரும் மழை முடிந்து மார்கழி, தையில்தான் கிளம்புகிறார்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அப்போதுதான் வருகிறது. ஏரிப் பறவைகளுக்கு அது நல்ல காலம், மறுக்கவில்லை. ஆனால் கடற்கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறு பறவைகளை அப்போது பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். புதிதாக வருபவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று பைனாகுலரை இறக்கிவிடுவார்.

அதே பறவைகளை ஆவணியில் பார்க்க வேண்டும். கத்திரி முடிந்து மூன்று மாதமாகியும் வெக்கை தணியாத நாட்கள் அவை. விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் காற்று இருக்கும். வடக்கே முட்டையிட்ட பறவைகள் இனப்பெருக்க கால நிறம் முழுதும் உதிராமல் அப்போது வந்து இறங்குகின்றன. வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சம் இருக்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் துருப்பிடித்த சிவப்புப் பட்டை. பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கருப்பு, அழித்தும் அழியாத மைக்கறை போல. வளைமூக்கு உள்ளானின் எடை அறுபது கிராம் அளவுதான். சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரத்தில் கூடு கட்டும் அந்தப் பறவை, கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேரும் சேற்றில் நம் முன்னால் நின்று மூக்கை விட்டு விட்டு எடுக்கிறது. முதல் ஆண்டு அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்த காலையில் நான் வீட்டுக்குப் போகவே மறந்துவிட்டேன். இந்தக் கருவிக்குக் கொடுத்த பணத்துக்கு அன்றே ஈடாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நிறம் தெரிய வேண்டுமானால் கருவியைவிட, நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் முக்கியம். நம்முடையது கிழக்குக் கரை. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பு நிழல்தான். எனக்கு இது புரிய ஒரு பருவம் முழுதும் ஆயிற்று. அதன் பிறகு, விடிந்ததும் முகத்துவாரத்தின் மணல்மேட்டுக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி, உள்பக்கச் சேற்றுத் திட்டுகளைப் பார்க்கத் தொடங்கினேன். வெயில் முதுகுக்குப் பின்னால், பறவை முன்னால். மாலையில் இதற்கு நேர்மாறு, கடல் விளிம்பில் அலையோடு ஓடும் கூட்டத்தை அப்போது நிதானமாகப் பார்க்கலாம். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெரிதில்லை, ஒரு மீட்டர் அளவுதான். ஆனாலும் முகத்துவாரச் சேறு தட்டையாகக் கிடப்பதால், நீர் ஒரு சாண் வடிந்தாலே பறவைக்குப் பெரிய சாப்பாட்டுத் தரை கிடைத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வடிவது இன்னும் நன்றாகத் தெரியும்.

8×இலிருந்து 10×க்குப் போகலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நண்பரின் 10×50 ஒன்றை ஒரு மாதம் முழுதும் இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: இந்தக் கரைக்கு 8×42 போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. கடல் காற்றில் கை ஆடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி அந்த ஆட்டத்தையும் பத்து மடங்காக்குகிறது. எட்டு மணி தாண்டினால் மணலிலிருந்து கானல் எழும்பத் தொடங்கும். ஒன்பதுக்கு மேல் எந்தக் கருவியிலும் பறவையின் கால் தண்ணீரில் ஆடுவதுபோல நெளியும். அப்போது கூடுதல் மடங்கு கானலைத்தான் பெரிதாகக் காட்டும். இன்னொன்று வெளிச்சம். 42 மில்லிமீட்டரை எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு அது. விடியுமுன் மங்கலில் இந்த அளவு நன்றாகவே கைகொடுக்கிறது. உள்ளான் கூட்டம் திடீரென்று எழுந்து ஒருசேரத் திரும்பும்போது, அகலமாகக் காட்டும் 8×இல்தான் கூட்டத்தை விடாமல் தொடர முடிகிறது.

போதாத இடமும் உண்டு. தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துத் திட்டுகள் அகலமானவை. பறவை நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் நின்றால், மணல் உப்புக்கொத்தியில் சிறிய இனம் எது, பெரிய இனம் எது என்று மூக்கின் நீளத்தை வைத்துப் பிரிக்க இதால் முடியாது. அதற்கு முக்காலியில் நிற்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியான ஸ்கோப்தான் வேண்டும். நான் அந்த இடத்தில் 'மணல் உப்புக்கொத்தி' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். கிட்டே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். போகாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவது, சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்புவது போன்றது. ஏற்கெனவே நாய்கள் அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

தாழங்குடாவில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. 2023 ஆவணி முதல் வாரத்தில் என்னைப் பார்த்ததும், "என்ன சார், இப்பதான் வர்றீங்களா? அந்தச் செவப்பு மாரு குருவிங்க ஆடி அமாவாசைக்கே வந்துடுச்சே" என்றார்.

"எங்கண்ணே பாத்தீங்க?"

"அதோ, அந்தத் திட்டுல. காலையில பத்து பதினஞ்சு நின்னுச்சு."

அவரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். பறவையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தைப் பார்த்தார். "மண்ணு வடக்கால ஏறியிருக்கு சார், படகு போறப்ப பாத்துப் போகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் திட்டுக்குத் திருப்பினார். அன்றிலிருந்து நானும் பறவையைத் தேடும் முன் அலை எங்கே உடைகிறது என்று பார்க்கப் பழகியிருக்கிறேன். மேடு எங்கே மாறியிருக்கிறதோ, பறவையும் அங்கேதான் மாறி நிற்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எனக்குத் தெரிந்த திட்டுகளை எல்லாம் கலைத்துவிட்டது. அடுத்த ஆவணியில் புதிதாக இடம் தேட வேண்டியிருந்தது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு விடியலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் கடலிலிருந்து எழும் நேரம். ஏழெட்டு வயதுப் பையன் ஓடிவந்து, "அங்கிள், இதுல சூரியனப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். "வேணாம் தம்பி, கண்ணு போயிடும்" என்று லென்ஸைக் கையால் மூடினேன். அடிவானத்தில் செக்கச்செவேல் என்று மென்மையாகத் தெரிந்தாலும் பைனாகுலரில் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி போதும் விழித்திரை வெந்துபோக. கிழக்குக் கரையில் குழந்தைகள் கையில் இதைக் கொடுக்கும் பெற்றோர் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். அவனுக்கு ஆற்றுப் பக்கம் திருப்பி ஒரு நெடுங்கால் உள்ளானைக் காட்டினேன்.

இனி கருவியின் உடல்நலம். உப்புதான் முதல் எதிரி. இரண்டாம் ஆண்டிலேயே ஃபோகஸ் சக்கரம் மணல் அரைபடும் சத்தத்தோடு திரும்பியது. நீர் புகாத வகை என்பதால், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் மெல்ல அலசிவிடத் தொடங்கினேன், சத்தம் போய்விட்டது. நீர் புகாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள், இல்லையென்றால் ஈரத்துணி போதும். லென்ஸை மட்டும் எடுத்ததும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட வேண்டும், பிறகுதான் துணி. இதைத் தெரிந்துகொள்ளும் முன் நான் போட்ட கீறல் ஒன்று இடது முன் லென்ஸில் இன்னும் இருக்கிறது.

பெரிய அடி 2021 ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுந்தது. பையோடு பீரோவில் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் வலது குழாயின் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை. வாங்கிய கடைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் என்றார்கள், ஏழு மாதம் ஆயிற்று. பூஞ்சைக்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் அப்புறம்தான் சொன்னார்கள். 2022 ஆவணியில் பாதி நாள் நான் இரவல் 10×50ஐத் தூக்கிக்கொண்டு நடந்தது அதனால்தான். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒரு பருவம் போனால் அடுத்த நிறத்துக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும், அது கடைக்காரருக்குத் தெரியாது. சுத்தம் செய்து கொடுத்த பிறகும் கண்ணாடிப் பூச்சில் பூஞ்சை அரித்த தடம் லேசாக நிற்கிறது. எதிர்வெளிச்சத்தில் மட்டும் ஒரு மங்கல்.

இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மாவுத்தூள் இடுக்கெல்லாம் ஏறிவிடும். சிலிக்கா மணியின் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் சூடாக்கினால் திரும்பவும் வேலை செய்யும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுகிறேன். 2022க்குப் பிறகு புதுப் பூஞ்சை இல்லை.

மற்றபடி, கூட வந்த கழுத்துப் பட்டை முதல் மாதமே பிடரியை அறுத்தது. இரு தோளிலும் மாட்டும் பட்டைக்கு மாறினேன். கண் வைக்கும் ரப்பர் வளையங்களில் வலப்பக்கத்தது நான்காம் ஆண்டில் தளர்ந்துவிட்டது. கண்ணாடி போடுபவன் என்பதால் அதை எப்போதும் மடக்கியே வைத்திருக்கிறேன், பெரிய தொந்தரவில்லை. கண்ணாடி போடுபவர்கள் வாங்கும்போது, கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15 மில்லிமீட்டராவது விடும் கருவியாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பார்வை வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும்.

போன ஆவணியின் கடைசி வாரம் தேவனாம்பட்டினத்தில் முதல் இளம்பறவைகளைப் பார்த்தேன். வளைமூக்கு உள்ளானில் ஆண் பறவைகள் அடைகாப்பதில்லை, அவைதான் முதலில் கிளம்பி வருகின்றன. பிறகு பெண்கள். அந்த ஆண்டு பிறந்தவை எல்லோருக்கும் கடைசியாக, பெற்றோர் துணை இல்லாமல், பார்த்தே இராத கரைக்குத் தாமாகவே வந்து சேர்கின்றன. மார்பில் வெளிறிய மஞ்சள், முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெள்ளை விளிம்பு, மீன் செதில் போல. பழைய பூஞ்சைத் தடம் உள்ள அதே வலது குழாயில்தான் அந்த விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு பறவைகள் இருந்தன. நீர் ஏறி அவை திட்டை விட்டு எழும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.