லண்டன்–பிராங்பேர்ட் "ஒன்றேகால் மணி நேர" விமானச் சீட்டு: வாங்குமுன் கவனிக்கவும்

பிராங்பேர்ட்டில் நடந்த உறவினர் திருமணத்துக்காக லண்டனில் ஒரு பயண முகவரிடம் குடும்பத்துடன் விமானச் சீட்டு வாங்கி ஏமாந்த விவரத்தை, இதே வழியில் செல்லவிருப்போர் அறிய வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்கிறேன்.

"மற்ற விமானங்களுக்கு ஒன்றே முக்கால் மணி ஆகும், இது ஒன்றேகால் மணியில் போய்விடும், விலையும் குறைவு" என்று முகவர் சொன்னார். அவர் தந்த பற்றுச்சீட்டில் "லண்டன்–பிராங்பேர்ட், 640 கி.மீ." என்று அச்சிட்டிருந்தது. இரு நகரங்களுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய அதுதான். ஆனால் நாங்கள் சென்ற விமானம் அந்த 640 கிலோமீட்டரைக் கடக்கவே இல்லை. அது லண்டன் நகருக்கு வெகு தொலைவில், வடகிழக்கே உள்ள ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து புறப்பட்டு, பிராங்பேர்ட்டுக்கு மேற்கே சாலை வழியாக ஏறத்தாழ 120 கி.மீ. தள்ளி, ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் இருக்கும் ஹான் விமான நிலையத்தில் இறங்கியது. 1993 வரை அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த அந்த இடத்துக்குப் பயணிகள் ரயில் கிடையாது.

குறைந்த பறக்கும் நேரத்தின் சூட்சுமத்தில் ஒரு பகுதியும் இதில்தான் இருக்கிறது. ஹான், பிராங்பேர்ட்டை விட லண்டனுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. அருகில் உள்ளது, ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து சுமார் 540 கி.மீ. பறந்தால் போதும். வானில் மிச்சமான தூரத்தைப் பயணி தரையில், பேருந்தில் ஒன்றே முக்கால் மணி அமர்ந்து, தன் செலவில் கடக்க வேண்டும். பிராங்பேர்ட்டின் முதன்மை விமான நிலையத்தில் இறங்குவோருக்கோ, நகரின் மத்திய ரயில் நிலையம் கால் மணி நேர ரயில் பயணம்தான். எங்கள் விமானம் தாமதமாக இறங்கியதால் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. நள்ளிரவில் டாக்சிக்குக் கொடுத்த தொகை, மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையை விட மிக அதிகம். மணமகளின் தந்தை எங்களுக்காக உறங்காமல் விழித்திருக்க நேர்ந்தது தனி வருத்தம்.

திரும்பி வந்து கேட்டபோது முகவர், "ஊர்ப் பெயர் சரியாகத்தானே இருக்கிறது" என்றார். விமான நிறுவனத்தின் பயண அட்டையில் ஹான் என்ற பெயர் தெளிவாக இருந்தது. முகவரின் பற்றுச்சீட்டில் மட்டும் அது விடுபட்டிருந்தது. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. இன்றுவரை ஒரு பவுண்ட் கூடத் திரும்பி வரவில்லை.

ஆகவே பணம் கட்டுமுன், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதன்மை நிலையம் எஃப்.ஆர்.ஏ.; ஹான் எச்.எச்.என். லண்டன் பக்கத்தில் ஹீத்ரோ எல்.எச்.ஆர்., ஸ்டான்ஸ்டெட் எஸ்.டி.என். பயண நேரத்தையும் கடிகாரக் கணக்கில் பார்க்காதீர்கள்: ஜெர்மனி ஒரு மணி நேரம் முந்தியிருப்பதால், திரும்பும் பயணம் காகிதத்தில் கால் மணி நேரம் போலத் தோன்றும், அதையும் ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கத் தயங்காதவர்கள் இவர்கள். குறியீட்டைத் தர மறுக்கும் முகவரிடம் சீட்டு வாங்க வேண்டாம்.