சில வருட மின்சாரக் கார் அனுபவம்: பேட்டரி உழைக்கிறது, மென்பொருள்தான் சீக்கிரம் வயதாகிறது

மின்சாரக் கார்களைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எழுதப்படுபவை. நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை வினாடியில் தொடுகிறது, திரை எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் அவை நன்றாகவே சொல்லிவிடுகின்றன. சில வருடம் ஒரே காரை ஓட்டியவருக்கு அந்த இரண்டும் நினைவிலேயே இருக்காது. வேகம் பழகிப்போகும், திரையில் கைரேகைதான் மிஞ்சும். அதனால் புதுக் காரைப் பார்க்கும்போது தெரியாத விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாள் முதல் எல்லோரும் என்னைப் பயமுறுத்தியது இதை வைத்துத்தான். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப் காரில் 24 கிலோவாட் மணி பேட்டரி இருந்தது. அதைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. அரிசோனா போன்ற கடும் வெயில் பகுதிகளில் அதன் கொள்ளளவு சீக்கிரமே குறைந்தது, உரிமையாளர்கள் வழக்குவரை போனார்கள். அந்தக் கெட்ட பெயர் இன்றுவரை எல்லா மின்சாரக் கார்களையும் துரத்துகிறது. இது நியாயமில்லை. இன்று வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரியின் வெப்பத்தைத் திரவம் ஓட்டிக் கட்டுப்படுத்துகிறார்கள். அதைக் கவனிக்கத் தனிக் கணினியே இருக்கிறது.

என் காரில் இருப்பது எல்.எஃப்.பி. பேட்டரி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத வகை. அந்த இரண்டும் சேர்ந்த இன்னொரு வகையான என்.எம்.சி. பேட்டரியைவிட, அதே எடைக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம்தான் பிடிக்கும். ஆனால் விலை குறைவு, சூட்டைத் தாங்கும், பலமுறை சார்ஜ் செய்தாலும் ஈடுகொடுக்கும். தொடக்கத்தில் கொள்ளளவு லேசாகக் குறைந்தது. அப்புறம் அந்தக் குறைவு ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்று நான் ஒரே சார்ஜில் போகும் தூரம் குறைந்தால், பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று யோசிப்பதே இல்லை. குளிரா, எதிர்க்காற்றா, வேகமா என்றுதான் பார்க்கிறேன்.

எல்.எஃப்.பி. பேட்டரியில் ஒரு குணம் மட்டும் பழகிக்கொள்ள வேண்டியது. சார்ஜ் முக்கால்வாசி இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் அதன் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதனால் மீதி எவ்வளவு என்று காரே சரியாகக் கணிக்க முடியாமல் திணறும். இந்த வகைப் பேட்டரி கொண்ட கார்களில் அவ்வப்போது 100% வரை ஏற்றச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம், அப்போதுதான் கணக்கு நேராகும். என்.எம்.சி. பேட்டரிக்கு நேர்மாறு: அன்றாடம் 80% அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஒருவருக்குச் சொன்ன அறிவுரையை இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. வாங்கும் முன் உள்ளே எந்த வகைப் பேட்டரி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனையாளர்களில் பலர் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

தூரம் பற்றி ஒரே ஒரு விஷயம். விளம்பரத்தில் வரும் எண் எந்தச் சோதனை முறையில் வந்தது என்று பாருங்கள். சீனாவின் சி.எல்.டி.சி. முறை தரும் எண் தாராளமானது, ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. அதைவிடக் கறாரானது, அமெரிக்காவின் இ.பி.ஏ. இன்னும் கறார். எந்த முறையானாலும், நெடுஞ்சாலையில் விரைந்து போனால் அந்த எண் கிடைக்காது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வருவதால் கணக்கு நமக்குச் சாதகமாகிவிடும்.

பராமரிப்பு குறைவு என்பது உண்மை. ஆயில் மாற்ற வேண்டாம், பெல்ட் இல்லை. ஆனால் டயர் சீக்கிரம் தேய்கிறது. வண்டியின் எடையும், கால் வைத்தவுடன் பாயும் முறுக்குவிசையும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால், பிரேக்கோ அதிகம் பயன்படாமல் துருப்பிடிக்கிறது, அதனால் எப்போதாவது வேண்டுமென்றே அழுத்தமாகப் பிடிக்கிறேன். அப்புறம், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் ஒருநாள் திறக்கவே மறுத்தது. காரணம், கதவையும் கணினியையும் இயக்கும் பழைய 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. இந்தச் சின்னப் பேட்டரியை யாரும் விளம்பரத்தில் காட்டுவதில்லை. மற்றபடி சவாரி அமைதி, உட்கார வசதி, எல்லாம் முதல் நாள் போலவே இருக்கிறது.

இனி என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: மென்பொருள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இரவில் நிறுத்திவிட்டுப் போன காருக்குக் காலையில் இணையம் வழியாகப் புது வசதி வந்திருப்பது பெட்ரோல் கார் ஓட்டிய காலத்தில் நினைத்துப் பார்க்காத ஒன்று. வேக சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி எனக்கு அப்படித்தான் வந்தது. குளிர்நாளில் சார்ஜ் ஆகும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. அதே அப்டேட் முறைதான், நான் பார்க்காமலே தொட்டுப் பழகிய கட்டுப்பாடுகளை வேறு மெனுவுக்குள் நகர்த்தியும் வைத்தது. மழையில் வைப்பர் வேகத்தை மாற்றத் திரையைத் தேடுவது ஆபத்து. இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் தன் மதிப்பீட்டில் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் பொத்தான் போன்ற நேரடிக் கட்டுப்பாடு இருப்பதைக் கணக்கில் எடுக்கிறது. பொத்தான்கள் திரும்பி வருவதை நான் மனதார வரவேற்கிறேன்.

வயதாவது வேறு விதத்திலும் நடக்கிறது. இரண்டாம் வருடம் தாண்டியதும் என் திரை மெல்லத் தயங்கத் தொடங்கியது. புது மாடலில் வேறு சிப் வந்துவிட்டது, புது வசதிகள் அதற்குத்தான் முதலில் போகின்றன, சில எனக்கு வரவே இல்லை. கைபேசியில் இதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் காரை ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் வைத்திருக்கத்தான் வாங்குகிறார். ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனம் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தபோது, அதன் ஓஷன் கார் வாங்கியவர்களின் முதல் கவலை உதிரிபாகமும் மென்பொருள் சேவையும்தான். இன்னொரு பக்கம் பிஎம்டபிள்யூ, காரில் ஏற்கனவே பொருத்தப்பட்ட இருக்கை சூடாக்கிக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டு, எதிர்ப்பு கிளம்பி, 2023-ல் அந்த வழியைக் கைவிட்டது. வாங்குபவர்கள் சத்தம் போட்டால் நிறுவனங்கள் கேட்கத்தான் செய்கின்றன.

இந்த மாற்றமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கார் தொழிலுக்குள் மின்னணுத் தொழில் குடியேறிவிட்டது. பிஒய்டி 1995-ல் ரீசார்ஜ் பேட்டரி தயாரிக்கத் தொடங்கிய சீன நிறுவனம், கைபேசி பேட்டரிகளில்தான் வளர்ந்தது. கார் தொழிலுக்கு வந்தது 2003-ல். இருபது வருடம் கழித்து, 2023-ன் கடைசிக் காலாண்டில், முழு மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவையே முந்தியது. ஆப்பிள் தன் கார் திட்டத்தைக் கைவிட்டதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. அடுத்த மாதமே சீனக் கைபேசி நிறுவனமான ஷாவ்மி தன் முதல் கார் எஸ்யு7-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் உலகம் முழுதும் விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரக் கார் அல்லது பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது சார்ஜ் ஏற்றியும் எரிபொருளிலும் ஓடும் கார்.

போட்டியால் விலை இறங்குகிறது, அது வரவேற்க வேண்டியதே. 2023 தொடக்கத்தில் டெஸ்லா விலையை வெட்டியபோது மற்றவர்களும் இறங்க வேண்டியதாயிற்று. ஆனால் புதுக் காரின் விலை இறங்கும்போதெல்லாம் நம் வாசலில் நிற்கும் காரின் மறுவிற்பனை மதிப்பும் சேர்ந்தே இறங்குகிறது. என் கார் அப்படிக் கணிசமாக மதிப்பிழந்தது. அதனால் என் ஆலோசனை இதுதான்: இரண்டு வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் குத்தகைக்கு எடுங்கள், வாங்கினால் நீண்ட காலம் வைத்திருங்கள். எரிபொருளிலும் பராமரிப்பிலும் மிச்சமாகும் பணம் வருடம் போகப் போகத்தான் சேரும்.

பொது சார்ஜர்களின் நிலைமை முன்பைவிடத் தேவலை. ஆனாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒரு கணக்கு, ஒரு முன்பணம் என்பது சலிப்பூட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலுக்குப் பின் புதிதாக நிறுவும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்களில் வங்கி அட்டையால் பணம் கட்ட வசதி இருந்தாக வேண்டும். மிகச் சாதாரணமான விதி, எல்லா இடத்துக்கும் வர வேண்டிய விதி.

அடுத்த காரை நான் தேடும்போது வேகத்தைக் கேட்கப் போவதில்லை. எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று எழுத்தில் தருவார்களா, இணைய இணைப்பு நின்றாலும் கார் முழுதாக ஓடுமா, திரையை இயக்கும் கணினியைத் தனியாக மாற்ற முடியுமா, இந்த மூன்றையும் கேட்பேன். பழைய கார் வாங்குபவர் என்றால் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் சந்தைக்கு வரும் மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. பேட்டரியின் விவரங்களெல்லாம் அதில் பதிவாகும். அதற்கு முன் வந்த கார்களை வாங்கும்போது ஆரோக்கிய அறிக்கையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.