கத்திப் படங்களை எடிட் பண்ணக் கொடுக்கிறவர்கள் கவனம்: என் மாமாவின் கத்திகளுக்கு நடந்தது

கையால் அடித்த கத்தி, தாக்கத்தி, கோடரி என்று எதையாவது செய்து பேஸ்புக்கில் படம் போட்டு விற்கிற மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்கட படத்தை ஸ்டூடியோ தரத்துக்கு மாற்றித் தாறம்" என்று இன்பொக்ஸில் யாராவது வந்தால், காசு போடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

என் மாமா படுவான்கரையில் கொல்லுலை வைத்திருக்கிறார். வேளாண்மை வெட்ட மெசின் வந்த பிறகு தாக்கத்தி கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், இப்போது பழைய லொறி வில்லுத் தகட்டில் அடிக்கிற சமையல் கத்தியும் மீன் வெட்டுகிற கத்தியும்தான் அந்த வீட்டை ஓட்டுகின்றன. படம் எடுத்துப் போட்டு ஓடர் பிடிப்பது நான். போனில் எடுக்கிற படங்கள்தான், அலகில் ஜன்னல் கம்பி தெரியும், பிடி மஞ்சளடிக்கும். ஒரு நாள் கல்முனைப் பக்கம் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் மெசேஜ் போட்டார். நல்ல மரியாதையாகப் பேசினார், இரண்டு நகைக்கடைப் படங்களையும் மாதிரிக்கு அனுப்பினார். ஒரு படத்துக்கு 750 ரூபா, பாதி முன்பணம், எல்லாவற்றையும் 4கே ஆக்கித் தருவாராம். அதோடு கத்தியின் மினுக்கத்தை வெட்டுவதற்கென்று போன் கமராவில் மாட்டுகிற போலரைசர் கண்ணாடி ஒன்றும் 4,500 ரூபாவுக்கு அவரிடமே வாங்க வேண்டும் என்றார். முன்பணமும் கண்ணாடிக் காசும் வங்கிக் கணக்குக்குப் போனது, படங்கள் வட்ஸ்அப்பில் போயின.

திரும்பி வந்த படங்கள் முதல் பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தன. மாமாவிடம் போனைக் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்மட கத்தி இல்லியே மகன்" என்றார். கத்தியின் முதுகோரம் அவர் வேண்டுமென்றே விட்டு வைக்கிற சம்மட்டித் தழும்புகளும் உலைக் கருமையும் ஒன்றுகூட இல்லை. அலகு முழுக்க அலை அலையாக வரிகள். பிடியில் அடித்த மூன்று பித்தளை ஆணிகள் இரண்டாகியிருந்தன, கத்தி வாயும் அடிப்பக்கம் வளைந்து போயிருந்தது. அந்த அலை வரி டமஸ்கஸ் கத்திகளில் வருவது. இரண்டு வகை உருக்கை அடுக்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி ஒன்றாக ஒட்டவைத்து அடித்து, கடைசியில் அமிலத்தில் தோய்த்தால்தான் அந்த வரி தெரியும். ஒரே வில்லுத் தகட்டில் அடித்த கத்தியில் அது வரவே வராது. அந்த ஆள் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தவே இல்லை, படத்தை ஏதோ ஏஐ செயலிக்குள் போட்டு எடுத்திருக்கிறார், அது தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு கத்தியை எங்கள் கத்தியின் மேல் வரைந்து கொடுத்திருக்கிறது. மாமா நாள் முழுக்க உலை முன்னால் நின்று அடித்த அடியெல்லாம் படத்தில் அழிந்து போனதைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது.

நான் அந்தப் படங்களைப் போடவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில வாரம் கழித்து வத்தளையிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டு, "தம்பி, டமஸ்கஸ் கத்திக்குக் காசு போட்டன், இன்னும் வரேல்ல" என்கிறார். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில் எங்கள் கத்தி, மாமாவின் உலைத் திண்ணையில் எடுத்த அதே படம், அதே அலை வரியோடு, நான் கேள்விப்படாத ஒரு பக்கத்தில் விலை போட்டுக் கிடக்கிறது. கமென்டில் யாரோ எங்கள் இலக்கத்தைக் கொடுத்ததால்தான் அவர் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். எடிட் பண்ணக் கொடுத்தது ஒரே ஆளிடம், வேறு யாரிடமும் அந்தப் படம் போகவில்லை. அவரிடம் கேட்டேன், "சிஸ்டம் எரர்" என்றார், மறுகா புளொக் பண்ணிவிட்டார். முன்பணமும் வரவில்லை.

இனி அவர் சொன்ன பேச்சுகளைப் பார்ப்போம், இதே பேச்சு உங்களுக்கும் வரும்.

4கே என்பது 3840க்கு 2160 பிக்சல், சுமார் 8.3 மெகாபிக்சல். இன்று சாதாரண போன்கூட 12 மெகாபிக்சலில் எடுக்கும், அதாவது 4000க்கு 3000. உங்கள் போன் எடுத்த ஒறிஜினல் ஏற்கெனவே 4கேயை விடப் பெரிது, அதற்கு யாரும் காசு வாங்கத் தேவையில்லை. படம் சிறிதாவது வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போதுதான், அது படத்தை நெருக்கிச் சிறிதாக்கித்தான் அனுப்பும். டொகியுமென்டாக அனுப்பினால் ஒறிஜினல் அப்படியே போகும். சிறிய படத்தைக் கேட்டு வாங்கி அதைப் பெரிதாக்குகிறவர் இல்லாத விபரத்தைக் கற்பனையால்தான் நிரப்ப வேண்டும், எங்கள் ஆணி காணாமல் போனது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

போலரைசர் கதை இன்னும் மோசம். தண்ணீர், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் இவற்றில் பட்டுத் தெறிக்கிற மினுக்கத்தை அது உண்மையாகவே குறைக்கும், மட்டக்களப்பு வாவியைப் படம் எடுக்கிறவர்களுக்கு நல்ல சாமான். ஆனால் வெறும் உலோகத்தில் பட்டு வருகிற வெளிச்சத்தை அதனால் அப்படி வெட்ட முடியாது. உருக்குக் கத்திக்கென்று அதை விற்கிறவருக்கு ஒன்றில் தொழில் தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார்.

கத்தி அலகு ஒரு கண்ணாடி மாதிரி. எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் அதில் தெரியும், நீங்கள் போட்டிருக்கிற சிவப்பு ரீசேட் உட்பட. ஆகவே எதிரில் வெள்ளையை வையுங்கள், பிரச்சினை அரைவாசி தீரும். நான் இப்போது திண்ணையில், வெயில் நேரே படாத பக்கத்தில், வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அந்த வெள்ளை அலகில் தெரிகிற மாதிரிக் கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து வைத்து எடுக்கிறேன். மற்றப் பக்கத்தில் ஒரு ரிஜிபோம் துண்டு வைத்தால் பிடியின் இருட்டும் தெளியும். எல்லாமே வெள்ளையாகி அலகு வெளிறிப் போனால் ஒரு கறுப்பு மட்டையை ஓரத்தில் மெல்லக் கொண்டுவாருங்கள், வாயோரத்தில் ஒரு கருங்கோடு விழும், தீட்டிய இடம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மாரி காலத்து மேகமூட்டம் இதற்கு மிக நல்லது, வானம் முழுக்கவே ஒரு பெரிய வெள்ளைத் துணியாகி விடும். போனின் பிளாஷைத் தொடவே வேண்டாம். வீட்டு மஞ்சள் பல்பையும் அணைத்துவிடுங்கள், பகல் வெளிச்சமும் பல்பும் கலந்தால் அலகின் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள், அதை எந்த எடிட்டிலும் ஒழுங்காகத் திருத்த முடியாது.

கத்திக்குக் கிட்டப் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் வைத்து எடுங்கள், மிகக் கிட்டப் போனால் முனை பெருத்து அளவே மாறித் தெரியும். எண்ணெய் பூசின கத்தியைத் துடைத்துவிட்டு எடுத்து, எடுத்து முடிந்தவுடன் திரும்பப் பூசுங்கள், வில்லுத் தகடு நம் கடற்கரைக் காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். மிச்சத்தை ஸ்னாப்சீட் என்கிற இலவசச் செயலியிலேயே செய்யலாம். நிறத்தைச் சமன் செய்யுங்கள், வெளிச்சத்தை அளவாகக் கூட்டிக் குறையுங்கள், ஓரத்தை வெட்டுங்கள். அவ்வளவு போதும்.

எடிட் பண்ண ஆள் வேண்டுமென்றால் பிடியுங்கள், நேர்மையாகச் செய்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தை மட்டும் முதலில் கொடுத்து, வந்ததை ஒறிஜினலோடு மாற்றி மாற்றிப் பாருங்கள், கத்தியின் வடிவம் ஒரு நூல் அசைந்தாலும் வேண்டாம். படத்தை நம்பிக் காசு போடுகிறவருக்கு அந்தப் படத்தில் இருக்கிற கத்திதான் போய்ச் சேர வேண்டும். படங்களை வேறெங்கும் பாவிக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நான் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே பிந்த வேண்டாம். வங்கியில் காசு போட்ட துண்டு, வட்ஸ்அப் பேச்சு, ஒறிஜினல் படம் மூன்றையும் வைத்திருங்கள். எங்கள் படத்தைப் போட்ட பக்கத்தைப் பேஸ்புக்கின் காப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தில் அறிவித்தேன், போனில் கிடந்த ஒறிஜினல்தான் அதற்குக் கைகொடுத்தது, படம் நீக்கப்பட்டுவிட்டது. வத்தளை அக்காவும் தன் பக்கத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். இதே மாதிரி அலை வரி போட்ட கத்திப் படம் உங்களுக்கும் திரும்பி வந்திருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், ஒன்றாகப் போனால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பேசுவது எல்லாருக்கும் இலகு.