ஆண் குழந்தைப் பெயர்ப் புத்தகம்: வாங்கலாமா?

எங்கள் வீட்டு வழக்கப்படி அத்தைதான் பெயர் வைக்க வேண்டும். தம்பிக்கு மகன் பிறந்ததும் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ரோகிணி நட்சத்திரம் என்பதால் ஓ, வ, வி, வு ஆகியவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்றார் அம்மா. வகுப்பில் இன்னொரு பையனுக்கு இல்லாத பெயராக இருக்கட்டும் என்றாள் தம்பி மனைவி. கோயில் வாசலில் உள்ள கடையில் 150 ரூபாய்க்கு ஒரு பெயர்ப் புத்தகம் வாங்கினேன்.

நட்சத்திர எழுத்து அட்டவணை தெளிவாக இருக்கிறது. அச்சும் பெரியது, அம்மா கண்ணாடி போடாமலே படித்தார். பாராட்ட இவ்வளவுதான் இருக்கிறது.

பொருள் பார்க்க மட்டும் இதை நம்பாதீர்கள். 'ஆரவ்' என்ற பெயருக்கு 'அமைதியானவன்' என்று போட்டிருக்கிறார்கள். வடமொழியில் ஆரவம் என்றால் ஒலி, சத்தம். 'ரித்விக்' என்றால் ஞானியாம். அது வேள்வி நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் சொல். எந்தப் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஒரு பக்கத்திலும் குறிப்பு இல்லை, ஆனால் எண் கணிதக் கூட்டுத்தொகை மட்டும் எல்லாப் பெயருக்கும் இருக்கிறது. ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கச் சுமக்கப்போகிற பெயர். அதன் பொருளைச் சரிபார்க்காமல் அச்சடித்து விற்பது தப்பு.

'ஓ' வரிசையில் ஓம்கார், ஓம்பிரகாஷ், ஓவியன் என்று முடித்துவிட்டார்கள். ஓரி இல்லை! கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலையை ஆண்டவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூறு 152 பாடுகிறது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. கொல்லிமலையில் இன்றும் ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடக்கிறது. கூப்பிட இரண்டே எழுத்து. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஓரி என்றால் ஆண் நரி என்றும் ஒரு பொருள் உண்டு என்று தம்பி அகராதியைக் காட்டினான். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அப்புறம் நானே தேட ஆரம்பித்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்கள் உரையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியையும் இணையத்தில் பார்க்கலாம். சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்ற குறிப்பு அதில் இருப்பது பெயர் தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைவிட இவை இரண்டும் எவ்வளவோ மேல்.

அங்கே கிடைத்ததுதான் வழுதி. பாண்டியர்களின் குடிப்பெயர். முதுகுடுமிப் பெருவழுதி, உக்கிரப் பெருவழுதி என்று அரசர்கள் பலர். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வெட்டில் நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவரின் பெயர் கடலன் வழுதி என்று வெட்டப்பட்டிருக்கிறது. அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் நிலைக்கிறது என்று பாடிய கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும் இந்தக் குடிதான். கடலில் மாய்ந்தவர் பெயரா என்று அம்மா தயங்கினார். அது ஒருவருடைய பெயர் மட்டும் இல்லை, ஒரு குடியின் பெயர் என்று கல்வெட்டுப் படத்தைக் காட்டிச் சொன்னபிறகு சம்மதித்தார். 'வ' எழுத்தும் பொருந்திவிட்டது.

'வ' வரிசையில் வளவனும் நல்ல பெயர், சோழர்களுக்கு உரியது. புத்தகத்தில் அதுவும் இல்லை, வழுதியும் இல்லை.

பிறப்புச் சான்றிதழுக்காக அவசரப்பட்டு இப்படி ஒரு புத்தகத்தில் கை வைக்க வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க முடியும். ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 'ழ' உள்ள பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். சான்றிதழில் உள்ளதுதான் பிறகு பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும்.

நட்சத்திர எழுத்து மட்டும் தெரிந்தால் போதும் என்றால் வாங்கலாம், ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தருவேன்.