யூசர்மோட் ஹெல்பரா, வொர்க்கியூவா? அணைக்கும்போது தெரிந்த வித்தியாசம்

கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டுக்கு, மாடித் தொட்டியின் நீர்மட்டம் பார்க்கிற சின்ன லினக்ஸ் போர்டு ஒன்று செய்து கொடுத்தேன். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிற நேரத்துக்குள், கடைசி அளவைக் குறித்து வைத்துவிட்டு அது அணைய வேண்டும். குறிக்கிற வேலையை யாரிடம் விடுவது என்பதில், சென்சாரை இயக்குகிற நிரலான டிரைவரை இரண்டு தடவை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் யூசர்மோட் ஹெல்பர். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே, தனக்கு வெளியே சாதாரண நிரலாக ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டும். எழுதவும் மாற்றவும் சுலபம். போர்டு ஓடுகிற வரை குறையே இல்லை.

அணைக்கும்போதுதான் வம்பு. அளவு பதிவாகவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தால், கடைசி வரியில் மைனஸ் 16, அதாவது இபிஸி (EBUSY), ‘இப்போது முடியாது’ என்கிற பிழை எண். அணையும்போது கர்னல் முதலில் ரீபூட் நோட்டிஃபையர்களை, அதாவது ‘அணையப் போகிறேன்’ என்று தகவல் கேட்டுப் பதிந்துவைத்த ஃபங்ஷன்களை, கூப்பிடுகிறது. அப்புறம் புதிய ஹெல்பர்களுக்குத் தடை போட்டு, ஓடுகிறவை முடிய 5 விநாடி வரை பொறுக்கிறது. அதன் பிறகே டிவைஸ்களின் ஷட்டவுன் ஃபங்ஷன்கள். நான் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டது அங்கேதான். வளவுக் கதவைப் பூட்டிவிட்டு ஆளைக் கடைக்கு அனுப்பின கதை. நோட்டிஃபையரில் கூப்பிட்டால் ஓடும், சரி. ஆனால் அதற்குள், மற்ற நிரல்களைத் தொடங்கி நிறுத்துகிற இனிட், ஃபைல் சிஸ்டத்தை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்கியிருக்கும். ஸ்கிரிப்ட் எங்கே போய் எழுதும்?

இப்போது இருப்பது வொர்க்கியூ: வேலைகளை வரிசையில் போட்டால் கர்னலே தனக்குள் ஓட்டிக்கொள்கிற ஏற்பாடு. நிமிடத்துக்கொரு முறை அளவெடுப்பது ஒரு டிலேய்டு வொர்க், அதாவது குறித்த நேரம் கழித்து ஓடுகிற வேலை. ஷட்டவுன் ஃபங்ஷனில் ‘கேன்சல் டிலேய்டு வொர்க் சிங்க்’ என்று ஒரே வரி: காத்திருக்கிற வேலையை ரத்து செய்யும், பாதியில் ஓடுவதை முடியவிட்டே திரும்பும், தன்னைத் தானே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்கிற வேலையையும் நிறுத்தும். அதற்குப் பிறகு கடைசி அளவை, சிப்களை இணைக்கிற ஐ-டூ-சி (I2C) வழியாக, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் (EEPROM) சிப்பில் எழுதிவிடுகிறேன். பிள்ளை டிவைஸ் அணைந்த பிறகே தாய் டிவைஸ் அணையும் என்பதால், அப்போது ஐ-டூ-சி உயிரோடுதான் இருக்கும்.

ஒரு கண்ணி உண்டு. வொர்க் கேட்கிற மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) கையில் பிடித்துக்கொண்டே அந்த வரியைக் கூப்பிட்டால், ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கு அப்படிப் போனது.

வொர்க்கியூவுக்குப் பதிலாக, கர்னலுக்குள் தானே ஓடிக்கொண்டிருக்கிற தனி கர்னல் திரெட் வைக்கலாம். ‘நிற்கச் சொன்னார்களா’ என்று லூப்பில் பார்க்க மறந்தால் அதை நிறுத்தக் கூப்பிடுகிற கேத்ரெட் ஸ்டாப் திரும்பவே திரும்பாது. ஒரு சென்சாருக்கு அது அதிகம். நூறு டிவைஸ் உள்ள சர்வரில் இதே கணக்கு சரிவருமா என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

பழைய ஸ்கிரிப்டை அழிக்கவில்லை. தொட்டி நிரம்பினால் மேனேஜருக்கு எஸ்எம்எஸ் போடுவது இன்றும் அதுதான்.