மூடி வேறு, கீழ்ப்பாதி வேறு: 'சியான்லோங்' பீங்கான் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு

முத்திரை குத்தும் சிவப்பு மையை வைக்கிற சின்ன வட்டப் பீங்கான் பெட்டி. விட்டம் ஏழு சென்டிமீட்டர். மஞ்சள் பின்னணியில் இளஞ்சிவப்புப் பியோனிப் பூக்கள், உள்ளே நீலப்பச்சை எனாமல், அடியில் சிவப்பு எழுத்தில் சீனப் பேரரசர் சியான்லோங்கின் பெயர். ஹாங்காங்கிலிருந்து இணையம் வழியாக விற்ற இந்தப் பெட்டியை ஒரு சேகரிப்பாளர் பெரிய தொகை கொடுத்து வாங்கிவிட்டார். கீழ்ப்பாதி 19-ஆம் நூற்றாண்டின் சாதாரணப் பொருள். மூடி அண்மையில் செய்தது.

விற்றவர் மூன்று ஆதாரங்கள் காட்டினார். மூன்றுமே போலி அல்ல. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதல் ஆதாரம், அடியில் ஒட்டியிருந்த சிவப்பு அரக்கு முத்திரை. சீன அரசின் தொல்பொருள் அலுவலகம் ஏற்றுமதிக்கு அனுமதித்த பொருள்களில் வைத்தது அது. வாங்குபவர் அதைப் பார்த்ததும் 'அரசே பார்த்து ஒப்புக்கொண்ட பழம்பொருள்' என்று நம்பிவிடுகிறார். ஆனால் சியான்லோங் ஆட்சி 1736 முதல் 1795 வரை. 1795-க்கு முந்தைய பொருள்களை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று 1960-இலேயே விதி வந்துவிட்டது. அந்த விதி இருந்த காலத்தில் அரக்கு வைத்து வெளியே விட்டார்கள் என்றால், சோதித்த அதிகாரி அதைச் சியான்லோங் காலத்துப் பொருளாகக் கருதவில்லை என்றுதான் பொருள். விற்றவர் துணைக்கு அழைத்த சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது.

இரண்டாவது, தெர்மோலுமினசென்ஸ் சோதனைச் சான்றிதழ். களிமண் பொருள் கடைசியாக எப்போது பெருஞ்சூட்டில் இருந்தது என்பதை இந்தச் சோதனை கணக்கிடும். பீங்கானுக்கு அடிவளையத்தில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் துளைபோட்டு மாதிரி எடுப்பார்கள். இந்தச் சான்றிதழில் இருந்தது '100 முதல் 200 ஆண்டுகள்'. சியான்லோங் ஆட்சி முடிந்தே 220 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, எண்ணைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாலே போதும். அதைவிடப் பெரிய விஷயம், மாதிரி எடுத்த இடம் கீழ்ப்பாதி மட்டும். மூடியை யாரும் தொடவே இல்லை. சான்றிதழ் துளை போட்ட இடத்துக்குத்தான் சாட்சி, முழுப் பெட்டிக்கு அல்ல. பெட்டி என்பது இரண்டு பொருள்கள், சோதனையும் இரண்டு இருக்க வேண்டும். சான்றிதழ் எண்ணை ஆய்வகத்துக்கே எழுதிக் கேட்டு, அவர்களிடம் உள்ள புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பொருளின் சான்றிதழை இன்னொன்றோடு சேர்த்து விற்பதும் உண்டு.

மூன்றாவது, அடியில் இருந்த எழுத்து. பழைய பேரரசர்களின் பெயரைப் பிற்காலத்தில் எழுதுவது சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டேஜென்னின் சூளைகளில் சாதாரண வழக்கம். மரியாதைக்காக எழுதியதும் உண்டு, விற்பனைக்காக எழுதியதும் உண்டு. எழுத்து இருப்பதால் காலம் நிரூபணமாகாது. இந்த வியாபாரத்தில் 'சியான்லோங் மார்க்' என்றால் அந்த எழுத்து இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். 'மார்க் அண்ட் பீரியட்' என்று இருந்தால்தான் அந்தக் காலத்திலேயே செய்தது என்று விற்பவர் பொறுப்பேற்கிறார். ரசீதில் இருந்தது முதல் சொல். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'நாங்கள் காலம் எதையும் சொல்லவில்லையே' என்று கைவிரித்துவிட்டார்கள். பேச்சில் மட்டும் நூறு தடவை சொல்லியிருந்தார்கள்.

இனி மூடிக்கு வருவோம். பீங்கான் சூளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், லேசாக வளையவும் செய்யும். ஒன்றாகச் செய்த மூடியும் கீழ்ப்பாதியும் ஏதாவது ஒரு நிலையில் வைத்துத் திருப்பினால் 'பொத்'தென்று உட்காரும், பூவின் கொடியும் அங்கேயே நேர்கோட்டில் சேரும். பிறகு செய்த மூடி அப்படி அமையாது, விளிம்பைத் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும். இந்தப் பெட்டியின் மூடி விளிம்பைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்தபோது, கிளேஸ் (பளபளப்பான கண்ணாடிப் பூச்சு) இல்லாத அந்த வளையத்தில் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள் தெரிந்தன. சுண்ணாம்புபோல் வறண்ட வெள்ளை. அதன்மேல் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்பு, ஈரப் பஞ்சால் துடைத்ததும் வந்துவிட்டது. கீழ்ப்பாதியின் விளிம்போ கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகி, அழுக்கு உள்ளே ஊறியிருந்தது. ஒரே ஆண்டுகளை ஒன்றாகக் கழித்த இரண்டு விளிம்புகள் இப்படி வேறுபடாது.

இளஞ்சிவப்பையும் பாருங்கள். 1720-ஐ ஒட்டி வந்த அந்த நிறம் தங்கத்தின் நுண்துகளால் வருவது. ஆர்செனிக் கலந்த வெள்ளையோடு குழைத்து இதழின் நுனியிலிருந்து அடிவரை சாயலை மாற்றித் தீட்டுவார்கள், விரலால் தடவினால் மேடு தெரியும். புது மூடியில் நிறம் தட்டையாக, ஒரே கனத்தில் இருந்தது. பொன் கோடு பித்தளைபோல் மின்னியது. பழைய பொன் பொடியாக இட்டு மெருகேற்றியது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்த்தது எக்ஸ்ரே ஃப்ளூரசென்ஸ் சோதனை. பொருளைக் குடையாமல் நிறத்தில் உள்ள தனிமங்களை அது காட்டும். 18-ஆம் நூற்றாண்டுப் பச்சை செம்பிலிருந்து வருவது. மூடியின் இலைப் பச்சையில் செம்புக்குப் பதில் குரோமியமே முக்கிய நிறப்பொருளாக இருந்தது. குரோமியம் என்ற தனிமத்தையே பிரெஞ்சு வேதியியலாளர் வோகெலின் 1797-இல்தான் கண்டுபிடித்தார். இதற்குமேல் விற்பவர் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

பணம் கட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டியவை: மூடியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியாக வைத்த படம், இரண்டு விளிம்புகளின் நெருக்கப் படம், பக்கவாட்டு ஒளியில் அடிவளையம், மூடியின் உட்புறம், இரண்டின் எடையும் தனித்தனியாகக் கிராமில். உள்ளே சிவப்பு மை ஒட்டியிருந்தால் அதைப் பழமைக்கு அடையாளமாக எண்ண வேண்டாம், புது மையைத் தடவ ஒரு நிமிடம் போதும். புற ஊதா விளக்கில் காட்டிய காணொளியும் கேளுங்கள். ஒட்டுப்போட்ட இடமும் மேற்பூச்சும் சுற்றியுள்ள கிளேஸிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். ஆனால் புது மூடியில் ஒட்டே இல்லையென்றால் இந்த விளக்கு ஒன்றும் சொல்லாது.

ரசீதில் ஆட்சிக்காலத்தை ஆண்டுகளோடு எழுதச் சொல்லுங்கள், 'மூடியும் கீழ்ப்பாதியும் ஒன்றாகவே செய்தவை' என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரியை எழுதத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். இந்தப் பெட்டிக்குப் பணம் வங்கிப் பரிமாற்றத்தில் போனது, திரும்ப எடுக்க வழியில்லாமல் போய்விட்டது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம்.